உச்சிவானில் ஒரு மங்கல் உருண்டை: வாசகர் கேள்வி – பதில்

கொல்லையிலோ மொட்டை மாடியிலோ வைத்த தொலைநோக்கியால் நீள்வட்ட கேலக்ஸிகளை (சுருள் கரங்கள் இல்லாத, மங்கல் உருண்டையாகத் தெரியும் கேலக்ஸிகளை) படமெடுப்பது பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

என்னிடம் 6 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி, குவியத் தூரம் 750 மி.மீ.), ஈக்வடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிய அச்சில் சுழன்று வானத்தைத் தொடரும் தாங்கி), பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கின்றன. சுருள் கேலக்ஸிகள் சிலவற்றை எடுத்துவிட்டேன். நீள்வட்ட கேலக்ஸியை எதிலிருந்து தொடங்கலாம்? எந்த மாதம்?
– வாசகர், கீழக்கரை

எம் 87-இல் தொடங்குங்கள். கன்னி ராசியில், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பொலிவு எண் 8.6 (இந்த எண் கூடக் கூட மங்கல்). 1781-இல் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே தன் பட்டியலில் சேர்த்தது; 'எம்' என்பது அவர் பெயரின் முதலெழுத்து. உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு கிடைப்பது அரிது. இதன் நடுவரை விலக்கம் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் வான நடுவரையிலிருந்து உள்ள தள்ளல்) வடக்கு 12.4 டிகிரி, உங்கள் அட்சரேகை 9 டிகிரி சொச்சம். ஆகவே அது உங்கள் தலைக்கு நேர் உச்சியிலிருந்து வடக்கே வெறும் 3 டிகிரி தள்ளிக் கடந்து போகிறது. லண்டனில் இருப்பவர் இதே கேலக்ஸியை 51 டிகிரி உயரத்தில்தான் பார்க்க முடியும். கடலோர உப்புப் புகைமூட்டம் அடிவானத்தில்தான் தடித்துக் கிடக்கும் என்பதால் உச்சியில் நிற்கும் இலக்கு இரட்டிப்பு லாபம்.

மார்ச் கடைசியில் நள்ளிரவு 12.15 வாக்கில் உச்சிக்கு வரும். ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தும். பிப்ரவரி கடைசியில் அதிகாலை 2.15, ஏப்ரல் கடைசியில் இரவு 10.15. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கச்சான் காற்று வலுப்பதற்கு முன் உள்ள இந்த மூன்று மாதத்தில் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேடுவது எளிது. உத்திர நட்சத்திரத்தையும் (டெனிபோலா) கன்னி ராசியின் விண்டமியாட்ரிக்ஸையும் மனத்தால் கோடு போட்டு இணையுங்கள். கோட்டின் நட்டநடுவில் எம் 84, எம் 86 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எம் 86-இலிருந்து தென்கிழக்காக ஒன்றேகால் டிகிரி போனால் எம் 87. எம் 49, எம் 60 ஆகியவையும் நல்ல இலக்குகளே. ஆனால் முதல் பாடத்துக்கு எம் 87 போதும்.

துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் வடகடல் மேல் மங்கலாகத்தான் தெரிகிறது. பல நாள் தெரிவதே இல்லை. மவுண்டின் உயரத் திருகும் அவ்வளவு கீழே இறங்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், இராமேஸ்வரம்

இராமேஸ்வரத்தில் துருவம் அடிவானத்திலிருந்து 9.3 டிகிரிதான் உயரம். பெரும்பாலான மவுண்டுகள் குளிர்நாட்டுக்காரருக்காகச் செய்தவை. அவற்றின் உயரத் திருகு 10, 15, சிலவற்றில் 20 டிகிரிக்குக் கீழே போகாது. வாங்கும் முன் கையேட்டில் இந்த எண்ணைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் முக்காலியின் ஒரு காலை நேர் வடக்கே வைத்து, அந்தக் காலை மட்டும் சுருக்குங்கள். வடக்குக் காலுக்கும் மற்ற இரு கால்களை இணைக்கும் கோட்டுக்கும் இடையே 80 செ.மீ. இருந்தால், 8 செ.மீ. சுருக்கினால் மவுண்ட் ஏறத்தாழ 6 டிகிரி முன்னால் சாயும். ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்காதே என்று கவலை வேண்டாம். துருவ அச்சு சரியாக இருந்தால் போதும், முக்காலி மட்டமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இவ்வளவு படுத்த நிலையில் பாரம் முழுவதும் வடக்குப் பக்கம் விழும். அதனால்தான் ஒரு கால் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும் என்கிறோம். முக்காலியின் நடுவில் ஒரு சிறிய மணல் மூட்டையையும் தொங்கவிடுங்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. துருவ அச்சு படுத்திருப்பதால் எடைக்கட்டித் தண்டு கிட்டத்தட்ட நேர் கீழே தொங்கி, முக்காலித் தலையிலோ வடக்குக் காலிலோ முட்டும். தண்டைக் கிடைமட்டமாக வைத்துத் தொடங்கப் பழகுங்கள். உச்சியை நோக்கும்போது குழாயின் பின்புறம் முக்காலிக் காலில் இடிப்பதும் இங்கே சகஜம். 15 முதல் 20 செ.மீ. உயர நீட்டிப்புத் தூண் ஒன்றைப் பட்டறையில் செய்து நடுவில் பொருத்தினால் இரண்டு தொல்லையும் பெருமளவு தீரும்.

துருவ நட்சத்திரம் தெரியாத நாளில் நகர்வு முறையைப் பயன்படுத்துங்கள். தெரிந்த நாளிலும் அதுவே மேல். 9 டிகிரி உயரத்தில் வளிமண்டல ஒளிவிலகல் துருவத்தை 6 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் 60 ஆர்க் நிமிடம்) உயர்த்திக் காட்டிவிடும், உங்கள் இலக்கோ உச்சியில் நிற்கிறது. முதலில் திசைகாட்டியால் தோராயமாக வடக்கு பாருங்கள். பிறகு நடுவானில், வான நடுவரைக்குப் பக்கத்தில் (உங்கள் உச்சியிலிருந்து 9 டிகிரி தெற்கே) ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். வடக்கு-தெற்குத் திருத்தத்தை அணைத்துவிட்டு 5 நிமிடம் கவனியுங்கள். நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. அதைத் திருத்தியபின் கிழக்கே 25–30 டிகிரி உயரத்தில் இன்னொரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. 5 நிமிடத்தில் நகர்வு 2–3 ஆர்க் செகண்டுக்குள் (ஒரு ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் செகண்ட்) வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மடிக்கணினி இருந்தால் 'நினா' என்ற இலவச மென்பொருளின் மூன்று புள்ளி முறை இதையே 10 நிமிடத்தில் முடித்துத் தரும். அதற்கும் துருவம் கண்ணில் பட வேண்டியதில்லை. உச்சியைத் தவிர்த்து, கிழக்கிலோ மேற்கிலோ பாதி உயரத்தில் அதைச் செய்யுங்கள்.

எம் 87-ஐ இரண்டு மணி நேரம் எடுத்தேன். நடுவில் எரிந்துபோன வெள்ளைப் பந்து, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். அவ்வளவுதான் வந்தது. நீள்வட்ட கேலக்ஸியே இப்படித்தானா?
– வாசகர், தொண்டி

இல்லை. அந்தக் கறுப்பு வளையம் வானத்தில் கிடையாது, உங்கள் கணினியில் உண்டானது. நீள்வட்ட கேலக்ஸிப் படத்தின் உயிரே இந்தக் கேள்வியில் இருப்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

சுருள் கேலக்ஸியில் கரங்கள், தூசிப் பட்டைகள், செந்நிற முடிச்சுகள் இருக்கும். பின்னணி கொஞ்சம் கெட்டாலும் கண் மன்னித்துவிடும். நீள்வட்டத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: நடுவிலிருந்து வெளியே தேய்ந்துகொண்டே போகும் ஒளிச் சரிவு. நடுப்பகுதி வெளிவட்டத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசம். வெளி ஓரமோ நல்ல இருட்டு வானத்தின் சொந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். அப்படியானால் உங்கள் படத்தின் பின்னணியில் நூற்றுக்கு ஒன்று பிசகினாலும் அந்தச் சரிவு பிசகின் அடியில் புதைந்துபோகும். எஃப் 5 நியூட்டோனியனில் மூலைகள் நடுவைவிட 20–30 சதவீதம் இருண்டிருப்பது சாதாரணம். அதை ஒரு சதவீதத்துக்குள் திருத்துவதுதான் ஃபிளாட் படங்களின் (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்த படங்களின்) வேலை. ஃபிளாட் எடுக்காமல் நீள்வட்ட கேலக்ஸியை எடுக்காதீர்கள்.

ஃபிளாட்டுக்குச் சிறந்த நேரம் விடியற்கருக்கல். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் குழாய் வாயில் இழுத்துக் கட்டி உச்சியை நோக்கித் திருப்புங்கள். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) நடுவில் நிற்கும்படி 30 படம். கேமராவைத் திருப்பவோ ஃபோகஸை அசைக்கவோ கூடாது. இரவில் எடுத்த அதே நிலையில் இருந்தால்தான் அது ஃபிளாட். பிறகு குழாய் வாயை மூடி, அதே எக்ஸ்போஷரில் 30 இருட்டுப் படம். பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று: நியூட்டோனியன் குழாயின் அடிப்பக்கம் திறந்திருக்கும். வெளிச்சம் கண்ணாடியின் ஓரம் வழியாக உள்ளே வந்து ஃபிளாட்டைக் கெடுக்கும். அடியிலும் ஃபோகசர் மேலும் கறுப்புத் துணி சுற்றுங்கள்.

இனி கேலக்ஸிப் படங்கள். ஐஎஸ்ஓ 800, ஒவ்வொன்றும் 60 நொடி. கேமராத் திரையில் ஹிஸ்டோகிராம் மேடு இடது ஓரத்திலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்க வேண்டும். பாதியைத் தொட்டால் உங்கள் வானம் வெளிச்சம் கூடியது, 30–40 நொடிக்கு இறக்குங்கள். மொத்தம் 180 படம், அதாவது 3 மணி நேரம். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதால் அரைமணி கூட்டுவதில் பெரிய மாற்றம் வராது. இரண்டு, மூன்று இரவுகளைச் சேர்ப்பதில்தான் வரும். நான்கைந்து படத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியை 10–15 பிக்சல் நகர்த்துங்கள். டிஎஸ்எல்ஆரின் கோடு கோடான இரைச்சல் அதனால்தான் அழியும். முடித்த கையோடு, வெப்பம் மாறுவதற்குள், அதே 60 நொடியில், குழாய் வாயை மூடி, 25 டார்க் (இருட்டுப்) படம்.

கறுப்பு வளையத்துக்கு வருவோம். 'சிரில்' போன்ற மென்பொருளில் பின்னணிச் சரிவை நீக்கும்போது தானியங்கி மாதிரிப் புள்ளிகள் கேலக்ஸியின் வெளி ஒளியின் மேலேயே உட்கார்ந்துவிடுகின்றன. மென்பொருள் அதை வான வெளிச்சம் என்று நம்பிக் கழித்துவிடுகிறது. கழித்த இடம்தான் வளையம். புள்ளிகளைக் கையால் வையுங்கள். எம் 87-இன் மையத்திலிருந்து 20 ஆர்க் நிமிடத்துக்குள் (உங்கள் கருவியில் 4.3 மைக்ரான் பிக்சலானால் சுமார் 1000 பிக்சல்) ஒன்றுகூட வேண்டாம். பக்கத்துக் கேலக்ஸிகளின் மேலும் வேண்டாம். பின்னணியைக் கணிக்கும் பல்லுறுப்புக் கோவையின் படியை 1-இல் நிறுத்துங்கள். படி 4 வைத்தால் அது கேலக்ஸியையே வளைத்துத் தின்றுவிடும். எரிந்த நடுப்பகுதிக்கு 10 நொடியில் 60 படம் தனியாக எடுத்து நடுவில் மட்டும் கலந்தால் போதும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தை வெள்ளைப் பின்னணியும் கறுப்புக் கேலக்ஸியுமாக மாற்றிப் பாருங்கள். மை தண்ணீரில் கரைவதுபோல ஓரம் தெரியாமல் தேய வேண்டும். நிறம் வெளிர் சந்தனம். வயதான மஞ்சள் நட்சத்திரங்களின் ஒளி அது. நீலமாகவோ சுத்த வெள்ளையாகவோ வந்தால் நிறச் சமநிலை தவறு.

எம் 87-இலிருந்து பாயும் ஜெட் என் 6 அங்குலத்தில் பதியுமா? கருந்துளை?
– வாசகர், மண்டபம்

ஜெட் (கருந்துளையின் பக்கத்திலிருந்து பீறிடும் தாரை) பதியும். 1918-இல் லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்டிஸ் 'நேர்க்கதிர்' என்று குறித்து வைத்தது இதைத்தான். நீளம் ஏறத்தாழ 20 ஆர்க் செகண்ட். 206 ஐப் பிக்சல் அளவால் (மைக்ரானில்) பெருக்கிக் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வரும். 4.3 மைக்ரான், 750 மி.மீ. என்றால் 1.18. ஜெட்டுக்குக் கிடைப்பது 17 பிக்சல். 2 மடங்கு பார்லோ (குவியத் தூரத்தைக் கூட்டும் லென்ஸ்) வைத்தால் 34. ஆனால் காற்று அசையாத இரவில் மட்டுமே பார்லோவால் பயன்.

60 நொடிப் படத்தில் மையத்தின் வெளிச்சம் ஜெட்டை விழுங்கிவிடும். 10–15 நொடியில் 200 படம் எடுத்து, நட்சத்திரங்கள் கூர்மையாக உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடுக்குங்கள். அடுக்கிய படத்தின் நகல் ஒன்றை 15 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, மூலத்திலிருந்து கழியுங்கள். வழவழப்பான கேலக்ஸி போய், ஜெட் சிறு குச்சியாக நிற்கும். அது ஜெட்தானா, கோளாறா என்று அறிய ஒரு வழி: எம் 87-இலிருந்து 8.7 ஆர்க் நிமிடத்தில் என்ஜிசி 4478 என்ற சிறிய கேலக்ஸி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து வடக்காக ஏறத்தாழ 45 டிகிரி திரும்பினால் ஜெட்டின் திசை. வேறு பக்கம் நீட்டினால் அது ஜெட் அல்ல.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படத்தின் ஒளி வளையம் 42 மைக்ரோ ஆர்க் செகண்ட் அகலம். உங்கள் ஒரு பிக்சல் அதைப்போல் 28,000 மடங்கு பெரியது. பூமியின் பல மூலைகளில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துத்தான் அதை எடுத்தார்கள்.

தெருவில் எல்இடி விளக்கு மாட்டிவிட்டார்கள். எந்த ஃபில்டர் வாங்கலாம்?
– வாசகர், ஏர்வாடி

வாங்க வேண்டாம். நெபுலாவுக்கான ஃபில்டர்கள் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் விடுபவை. நீள்வட்ட கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கலவை, எல்லா நிறத்திலும் பரவியது. வெள்ளை எல்இடியும் அப்படியே. ஃபில்டர் இரண்டையும் சேர்த்தே வெட்டும். அந்தப் பணத்தில் விளக்கு நேராகக் குழாயில் படாதபடி கறுப்பு சார்ட் அட்டையால் குழாய் வாயை 30 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். மீதியை ஊருக்கு வெளியே போகும் பெட்ரோலுக்கு வையுங்கள்.

இரவு ஒரு மணிக்குள் பனி இறங்கிப் படம் மங்கிவிடுகிறது. இரண்டு வருடத்தில் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவும் விழுந்துவிட்டது.
– வாசகர், தங்கச்சிமடம்

முதலாவது ஈரம், இரண்டாவது உப்பு.

நியூட்டோனியனில் முதலில் வேர்ப்பது மேலே வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் சிறிய துணைக் கண்ணாடி. அதன் முதுகில் 330 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் நான்கைப் பக்க இணைப்பில் ஒட்டுங்கள். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 0.44 வாட், மொத்தம் 1.75 வாட். தொட்டால் வெதுவெதுப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் குழாய்க்குள் காற்று அலைந்து நட்சத்திரம் வீங்கும். ஒட்டுவதற்குப் புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டாம், அந்த ஆவி உலோகப் பூச்சை அரிக்கும். வழிகாட்டித் தொலைநோக்கி (மவுண்டின் நகர்வைத் திருத்த உதவும் சிறிய துணைத் தொலைநோக்கி) இருந்தால் அதன் முகப்பைச் சுற்றி இதே ரெசிஸ்டர் பத்து. பனி விழுந்தபின் சூடேற்றாதீர்கள், விழும் முன்பே போட்டுவிடுங்கள். மவுண்ட் 1 ஆம்பியர், சூடேற்றிகள் அரை ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரியைப் பாதிவரை பயன்படுத்தினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆகவே 20-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

உப்புத் துகள் கண்ணாடியில் ஒட்டி, ஈரத்தை இழுத்து, அலுமினியப் பூச்சைத் துளைக்கும். விழுந்த துளைக்கு மறுபூச்சுதான் வழி. இனி விழாமல் காக்கலாம். உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, உப்புப் படிகம் கீறிவிடும். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்து ஓடவிடுங்கள். பிறகு அதே நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பஞ்சை அதன் சொந்தப் பாரத்தில் மட்டும் இழுத்து, மீண்டும் அலசிச் சாய்த்து நிறுத்தி உலரவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். கிணற்று நீரும் குழாய் நீரும் கூடாது. இந்தத் தீவில் அவையே உப்பு.

விடிந்ததும் ஈரத்தோடு மூடிப் பெட்டியில் போடுவதுதான் பூஞ்சைக்குப் போடும் விருந்து. வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் உலர்த்தி, பிறகு அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம், சமைக்கும் வாணலியில் மட்டும் வேண்டாம். வெளியே தெரியும் திருகுகளை 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக மாற்றுங்கள். கடலோரத்தில் 304 கூடப் பழுப்பேறும்.

மொட்டை மாடி நல்லதா, மணல் தரை நல்லதா?
– வாசகர், தேவிபட்டினம்

தரை. கான்கிரீட் மாடி பகல் சூட்டை நள்ளிரவுவரை கக்கும், ஒருவர் நடந்தாலே படம் அதிரும். மணலில் முக்காலி மெல்ல மெல்லப் புதைந்து துருவ அச்சு நழுவும் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடிச் சதுரச் சிமெண்ட் பலகையைப் பதித்து, அதன்மேல் வையுங்கள். காற்றுக்குச் சுவரின் மறைவு தேடாதீர்கள். சுவரைத் தாண்டும் காற்று சுழன்று விழும். பனை ஓலைத் தட்டி காற்றைப் பாதி விட்டுப் பாதி தடுப்பதால் சுழல் குறைவு. ஆள் உயரத் தட்டியை இரண்டு மீட்டர் தள்ளிக் காற்று வரும் பக்கம் நட்டால் போதும்.

என்னிடம் இருப்பது மேல்-கீழ், இட-வலம் மட்டும் நகரும் ஸ்மார்ட் தொலைநோக்கி. உச்சி நல்ல இடம் என்கிறீர்கள், ஆனால் அங்கேதான் படம் சுழன்று கெடுகிறது.
– வாசகர், சாயல்குடி

உங்கள் கருவிக்கு உச்சி நல்ல இடம் அல்ல. எம் 87 உச்சியைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் படம் நிமிடத்துக்கு 4 டிகிரிக்கு மேல் சுழலும். ஒரு மணி நேரம் முன்போ பின்போ மணிக்கு 13 டிகிரி, இரண்டு மணி நேரம் முன்போ பின்போ மணிக்கு நாலரை டிகிரிதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களில் கிழக்கிலும் மேற்கிலும் சுழற்சி மிகக் குறைவு என்பது உங்களுக்குச் சாதகம். உச்சிக்கு ஒரு மணி முன்பு நிறுத்தி, ஒரு மணி கழித்துத் தொடங்குங்கள். இடையில் ஃபோகஸைத் திரும்பப் பாருங்கள்.

தனுஷ்கோடியில் இரவு தங்கி எடுக்கலாமா?
– வாசகர், பாம்பன்

இருட்டியபின் அங்கே இருக்க விடமாட்டார்கள். எந்தக் கடற்கரையானாலும் முன்கூட்டியே உள்ளூர் காவல் நிலையத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இரவில் கரையில் அசையும் வெளிச்சம் இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு உரியது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் பச்சை லேசரை வானத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

எம் 87 முடித்துவிட்டேன். இன்னும் தூரத்தில், அல்லது தெற்கே என்ன இருக்கிறது?
– வாசகர், வாலிநோக்கம்

தெற்கே உங்களுக்குத் தென்கடல் திறந்து கிடக்கிறது. சென்டாரஸ் ஏ (என்ஜிசி 5128) அங்கே 38 டிகிரி உயரத்துக்கு ஏறும். லண்டன்காரர் அதைப் பார்க்கவே முடியாது. பொலிவு எண் 6.8. இன்னொரு கேலக்ஸியை விழுங்கிய தடமாகத் தூசிப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். எம் 87-க்கு 55 நிமிடம் பின்னால் உச்சம் தொடும். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் மட்டும் எடுங்கள், அதற்கு வெளியே கடல் மூட்டம் நீலத்தைத் தின்றுவிடும். ஜனவரி நடுவில் இரவு 8 மணி சுமாருக்கு ஃபார்னாக்ஸ் கேலக்ஸிக் கொத்தின் என்ஜிசி 1399 தெற்கே 45 டிகிரியில் நிற்கும், மழை விட்ட வானத்தில்.

தூரம் வேண்டுமானால் கோமா கொத்தின் என்ஜிசி 4889, 30 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். வடக்கே 71 டிகிரி உயரம், எம் 87-க்கு அரைமணி பின்னால். பொலிவு எண் 11.5 சுமார் என்பதால் 6 அங்குலத்தில் 5–6 மணி நேரம் சேர்க்க வேண்டும். பக்கத்தில் 7-ஆம் பொலிவு நட்சத்திரம் ஒன்று கண்ணைக் கூசும். அதைப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே தள்ளாதீர்கள், ஓரத்தில் நின்றால் அதன் பிரதிபலிப்பு குறுக்கே கோடாக விழும். உள்ளேயே வைத்து, கேலக்ஸியை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி அமையுங்கள். பின்னணிப் புள்ளிகளை இங்கே இன்னும் குறைவாக, எட்டு பத்துக்கு மிகாமல் வையுங்கள். வெற்றிடம்போல் தெரியும் இடங்களிலும் சின்னச் சின்ன நீள்வட்டங்கள் கிடக்கின்றன.